டாக்டர் கடைசியில்தான் பேசுவார்

காலை ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சிஸ்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கை கழுவப் போகிறார். கழுவுவது என்றால் நீங்களும் நானும் கழுவுவது போல அல்ல. அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்கிற வைராக்கியத்தோடு ஒவ்வொரு விரல் இடுக்கையும் தேய்க்கிறார். பிறகு ஈரக் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டே வார்டின் நடுவுக்கு வந்து, "வாங்க, எல்லாரும் வந்து நில்லுங்க!" என்று குரல் கொடுக்கிறார். மனிதர்களை வரவேற்று நிற்கச் சொல்கிற ஒரே ஆள் இவராகத்தான் இருக்க வேண்டும்.

உட்காரக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். "உக்காந்தா சாயத் தோணும், சாஞ்சா கொட்டாவி வரும். நின்னா கால் வலிக்கும், பேச்சு தானா சுருங்கும்" என்பார். ஏழு நிமிடம். அதற்குள் இரவு வேலை பார்த்தவர்கள் பகல் ஆட்களிடம் வார்டை ஒப்படைத்தாக வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் நடப்பதுதான். ஆனால் மற்ற இடங்களில் டாக்டர் பேசுவார், நர்ஸ்கள் தலையாட்டுவார்கள், மற்றவர்கள் வாசல் பக்கம் நின்று எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே முதலில் பேசுவது தரை துடைக்கிற அம்மாள். அடுத்தது நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டிக்காரர். அப்புறம் நர்ஸ்கள். டாக்டர் கடைசியில்தான் பேசுவார். அவர் பேச வேண்டியதில் முக்கால்வாசியை அதற்குள் மற்றவர்கள் பேசி முடித்திருப்பார்கள்.

"ஏன் சிஸ்டர் இப்படித் தலைகீழா வெச்சிருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். தலையணை உறையை உதறிக்கொண்டே சொன்னார்: "டாக்டர் மொதல்ல வாயத் தொறந்துட்டா அப்புறம் எவங்க சார் தொறப்பாங்க? அவரு 'எல்லாம் நல்லாயிருக்கு'ன்னுடுவாரு. உடனே எல்லாமே நல்லாயிடும். கட்டில்ல கெடக்கறவரத் தவிர."

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், இருபத்தாறு நாள் நான் கிடந்தது அவர்கள் கூடி நிற்கிற இடத்திலிருந்து நாலடி தூரத்தில். பல்பு மாற்ற ஏணியில் ஏறி, பல்பு கழல்வதற்கு முன் நான் கழன்றுவிட்டேன். தொடை எலும்பு இரண்டு துண்டு. காலைத் தூக்கிக் கட்டி, எடை தொங்கவிட்டிருந்தார்கள். பார்ப்பதையும் கேட்பதையும் தவிர வேறு வேலை கிடையாது. பன்னிரண்டாம் கட்டில் என்று என்னைச் சிஸ்டர் ஒருநாளும் சொன்னதில்லை. நம்பர் சொல்லிக் கூப்பிடுவது அவருக்குப் பிடிக்காது. வந்த அன்றைக்கே எனக்கு 'ஏணி சார்' என்று பெயர் வைத்துவிட்டார். என் மனைவியை 'ஏணியம்மா' என்றார். அவளுக்கு முதல் நாள் கோபம் வந்தது. மூன்றாம் நாள் அதே பெயரைச் சொல்லி வாசலில் அனுமதி கேட்டு உள்ளே வந்தாள்.

ஆள் குட்டை, குரல் நெட்டை. ஐம்பது தாண்டியிருக்கும். பேனாவை டாக்டர்கள் சுட்டுக்கொண்டு போகிறார்கள் என்று கட்டுத்துணியைக் கிழித்து அதைச் சட்டைப் பொத்தானோடு முடிந்து வைத்திருக்கிறார். கேட்கிறவர்கள் குனிந்து, அவர் நெஞ்சுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். யாராவது பாராட்டினால் காது கேட்காதது போலக் கட்டில் கம்பியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். மருந்து விழுங்க அடம்பிடிப்பவர்களிடம் கெஞ்சமாட்டார், கண்டிக்கமாட்டார். பக்கத்தில் நின்று தன் மருமகளைப் பற்றிப் புகார் சொல்லத் தொடங்குவார். சுவாரஸ்யத்தில் நோயாளி வாய் பிளந்த நேரத்தில் மாத்திரை உள்ளே போயிருக்கும். இத்தனைக்கும் அவருக்கு மருமகளே கிடையாது. இரண்டும் பெண் பிள்ளைகள்.

அந்த ஏழு நிமிடத்தில் அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "நேத்து என்ன தப்பிச்சுது?" அதாவது, எது தவறாகப் போயிருக்கும், நல்லவேளையாகப் போகவில்லை? குளியலறைத் தரையில் சோப்பு வழுக்கியது. ட்ரிப்ஸ் பாட்டில் காலியாகி யாரும் பார்க்காமல் கால் மணி நேரம் தொங்கியது. இப்படி எதுவாகவும் இருக்கலாம். 'என்ன' என்று கேட்கலாம், 'எப்படி' என்று கேட்கலாம், 'யாரு' என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் சிஸ்டரின் ஆள்காட்டி விரல் மேலே போகும். தினம் அங்கே வந்து நிற்கிற சின்ன டாக்டர், வேலைக்கு வந்த புதிதில், "யாரு பாட்டில மாத்தாம விட்டது?" என்று கேட்டுவிட்டு அந்த விரலைப் பார்த்து மென்று விழுங்கியதாக நர்ஸ்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். "யாருன்னு கேட்டா நாளைக்கு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க டாக்டர். எப்படின்னு கேளுங்க, வரிசையா சொல்லுவாங்க." ஆறு வருஷமாக இப்படி.

இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த வேலை நடந்துகொண்டிருந்தாலும், வார்டில் யார் வேண்டுமானாலும் "ஒரு நிமிஷம்" என்று சொல்லலாம். சொன்னால் கை அப்படியே நிற்க வேண்டும். நிறுத்தியவர் சொன்னது உப்புப் பெறாத விஷயமாக இருந்தாலும் முகம் சுளிக்கக் கூடாது. ஒருமுறை எனக்குக் கட்டுப் பிரிக்கும்போது தரை துடைக்கிற அம்மாள் "ஒரு நிமிஷம்" என்றார். சின்ன டாக்டரும் நர்ஸும் சிலை போல நின்றார்கள். அந்த அம்மாள் என் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஐந்து நிமிடமாக இருவரும் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்.

அந்த அம்மாளை வார்டே அத்தை என்று கூப்பிடுகிறது. சிஸ்டரைவிட நாலைந்து வயது மூத்தவர், பேச்சு குறைவு. முப்பது கட்டிலுக்கும் அடியில் தினம் மூன்று முறை குனிகிறவருக்குத் தெரியாதது வார்டில் எதுவும் இல்லை. யார் மருந்தைத் துப்பினார், யார் ராத்திரி அழுதார், யாரைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். சிஸ்டரும் அத்தையும் உறவு என்றுதான் நான் முதல் வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

மற்ற வார்டுகளைவிட இங்கே விழுகிறவர்களும் குறைவு, படுக்கைப் புண்ணும் குறைவு. இந்தக் கணக்கு எப்படியோ மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எப்படி இவர்கள் மட்டும் இவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்கிறார்கள் என்று நேரில் பார்க்க நான்கு பேர் ஒரு திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது மணிக்கு வர வேண்டியவர்கள் ஏழுக்கே வந்து நின்றார்கள்.

அப்போது சிஸ்டர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். அவர்கள் அவ்வளவு சீக்கிரம் வந்ததே அந்த ஏழு நிமிடத்தைப் பார்க்கத்தான். அதைத்தான் அவர் அன்றைக்கு நிறுத்திவிட்டார். கழுவிய கையைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்து, "இன்னிக்கி நிக்க வேணாம், அவங்கவங்க எடத்துக்குப் போங்க. நம்ம அழுக்க வெளியாளுங்க முன்னாடி அலச வேணாம்" என்று கிசுகிசுத்தார். வண்டிக்காரர், "அக்கா, ஒரு விஷயம்..." என்று இழுத்தார். "அப்புறம் அண்ணா, அப்புறம்" என்று அவரைத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தார்.

வண்டிக்காரர் சொல்ல வந்தது இதுதான். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, சிஸ்டருக்கு விடுமுறை. அன்று புதிதாக இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். தூண் மறைவில் பதின்மூன்றாம் கட்டிலில் ஒரு தையல்காரர். ஜன்னலோரம் பதினான்கில் ஒரு உடற்பயிற்சி வாத்தியார். இருவருக்கும் காலில்தான் அடி. தையல்காரருக்கு இருட்டு ஆகவில்லை, வாத்தியாருக்கு வெளிச்சம் ஆகவில்லை. சாயங்காலம் வண்டிக்காரரைப் பிடித்து நச்சரித்து, இடம் மாறிக்கொண்டார்கள். ஆட்கள் மாறினார்கள். கட்டில் கால்மாட்டில் தொங்குகிற மருந்து அட்டைகள் மாறவில்லை. காலையில் எல்லோரும் நிற்கும்போது சொன்னால் நர்ஸ்கள் மாற்றிவிடுவார்கள் என்று வண்டிக்காரர் இருந்துவிட்டார். அவர் எதையும் சொல்கிற இடம் அதுதான்.

வார்டுக்குத் தலைவரான பெரிய டாக்டர் முன்னால் வர, நான்கு பேரும் பின்னால் வர, சிஸ்டர் ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனார். அட்டையைப் பார்த்தார். காலை ஊசி என்று எழுதியிருந்தது. வேகமாக ஊசிக்குழலில் மருந்தை நிரப்பினார். வழக்கமாகக் கையில் கட்டியிருக்கிற பெயர்ப் பட்டையைப் பார்ப்பவர், கை போர்வைக்குள் இருந்ததால், "ஊசி போடலாமாய்யா?" என்று கேட்டதோடு சரி. காய்ச்சல் மயக்கத்தில் இருந்த தையல்காரர் "ம்" என்றார்.

ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். அவர்கள் இடம் மாறியது எனக்கும் தெரியும். பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். அந்த ஊசி யாருக்கு என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டிருக்கலாம். கோட்டும் டையுமாக நான்கு பேர் நிற்கிறார்களே, நாம் எதற்கு வாயைக் கொடுப்பது என்று இருந்துவிட்டேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

"ஒரு நிமிஷம்" என்றார் அத்தை.

துடைப்பத்தோடு இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றிருந்தார். சிஸ்டரின் கை நின்றது, பழக்க தோஷம். ஆனால் முகம் சிவந்துவிட்டது. நான்கு பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். "அத்தை, நீங்க போயி ஒங்க வேலையப் பாருங்க" என்றார். நான் அந்தக் குரலை அதுவரை கேட்டதில்லை.

அத்தை போகவில்லை. "செருப்பப் பாருங்க" என்றார். வார் அறுந்து, கறுப்பு நூலால் நெருக்கித் தைத்த செருப்பு ஜன்னலோரக் கட்டிலுக்கடியில் இருந்தது. "இது நேத்து செவப்பு எழுத்து அட்டைக்குக் கீழ இருந்துச்சு. செவப்பு அட்டை அங்கதான் இருக்கு. செருப்பு இங்க வந்துடுச்சு."

சிஸ்டர் போர்வையை விலக்கிப் பெயர்ப் பட்டையைப் பார்த்தார். தூண் மறைவுக் கட்டிலுக்குப் போய்ச் சிவப்பு அட்டையைப் பார்த்தார். இந்த மருந்து இவருக்கு ஆகவே ஆகாது என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. போட்டிருந்தால் மூச்சு அடைத்திருக்கும். சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்து, தட்டைக் கட்டிலை விட்டுத் தள்ளி வைத்தார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. வந்தவர்களில் ஒருவர் கைதட்டினார். மற்ற மூவரும் தட்டினார்கள். தங்களுக்காக ஒத்திகை பார்த்து நடித்துக் காட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். "ஒரு துப்புரவுப் பணியாளர்கூட நிறுத்தலாம்னு காட்டினீங்க பாருங்க, அபாரம்!" என்றார் ஒருவர். பெரிய டாக்டர், "எங்க வார்டுல இது தினமும் நடக்கறதுதான்" என்று புன்னகைத்தார். சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டில் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தார். அத்தை துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எல்லோரும் வந்து நின்றார்கள். "நேத்து என்ன தப்பிச்சுது?" என்று சிஸ்டர் கேட்டார். அத்தை, "ஒண்ணுமில்ல" என்றார். வண்டிக்காரரும் "ஒண்ணுமில்லக்கா" என்றார். நர்ஸ்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல" என்றார்கள். ஏழு நிமிடச் சமாச்சாரம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. சின்ன டாக்டர் பேசுவதற்கு ஆறு நிமிடம் மிச்சம் கிடைத்தும் அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

அன்று முழுவதும் சிஸ்டர் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். தலையணை உறைகள் பட்ட பாடு சொல்லி மாளாது. நடுவில் இரண்டு முறை அத்தை பக்கம் போனார். ஒருமுறை, "பினாயில் தீந்துடுச்சா?" என்று கேட்டார். இன்னொருமுறை அதுவும் கேட்காமல் திரும்பிவிட்டார். மன்னிப்புக் கேட்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நாற்பது வருஷம் குடித்தனம் நடத்துகிறேன்.

புதன்கிழமை ஒரு முதியவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி நிறுத்தும்போது கட்டில் நழுவியது. சக்கரத்தின் பிரேக் பிடிக்கவில்லை. சிஸ்டர் பாய்ந்து தன் தோளைக் கொடுத்ததால் பெரியவர் தரைக்குப் போகாமல் அவர் மேல் சாய்ந்தார். உட்காரவைத்து, நாடி பார்த்து, தண்ணீர் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வந்தார்.

"பிரேக் எப்பலேந்து இப்படி இருக்கு?"

"நேத்து காலைலேந்துக்கா."

"நேத்தும் நின்னீங்க, இன்னிக்கும் நின்னீங்க. ஏண்ணா சொல்லல?"

வண்டிக்காரர் தலையைத் திருப்பினார். அவர் பார்வை போன இடத்தில் அத்தை ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தார். சிஸ்டரும் அங்கே பார்த்தார். பிறகு என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். இருபத்தாறு நாளில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "ஆறு வருஷம் ஏணி சார்" என்றார். "ஒரே வார்த்தையில காலி பண்ணிட்டேன்." நான் எடை கழற்றிய என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை பெரிய டாக்டரே ஏழு மணிக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். மேலிடத்திலிருந்து பாராட்டு வந்திருக்கிறது, எல்லோர் முன்னாலும் படிக்கப் போகிறேன் என்று தொண்டையைச் செருமினார். சிஸ்டர் ஆள்காட்டி விரலைத் தூக்கினார். "நீங்க கடைசில பேசுங்க டாக்டர்" என்றார். பெரிய டாக்டர் கடிதத்தை மடித்துக்கொண்டார். அவரிடம் அந்த விரல் அதுவரை தூக்கப்பட்டதில்லை என்று நினைக்கிறேன்.

"இன்னிக்கி மட்டும் நான் மொதல்ல பேசிக்கறேன்" என்றார் சிஸ்டர். "திங்கக்கெழம நடந்தது நடிப்பு இல்ல. நெசம். யாருன்னு கேக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லியிருக்கேன். யாரும் கேக்க வேணாம், நானே சொல்றேன். நான்தான். நம்ம நிக்கறத நான்தான் நிறுத்துனேன். பட்டையப் பாக்காம ஊசியத் தூக்குனதும் நான்தான். வந்தவங்க கைதட்டுனாங்க. இல்லைங்க, இது ஒத்திகை இல்லைன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. பயம்."

"சிஸ்டர், இதெல்லாம் இப்ப எதுக்கு..." என்றார் பெரிய டாக்டர். விரல் இன்னும் மேலேதான் இருந்தது.

"அத்தைய, ஒங்க வேலையப் பாருங்கன்னேன்" என்று தொடர்ந்தார். "அவங்க அவங்க வேலையத்தான் பாத்தாங்க. என் வேலைய நான்தான் பாக்கல. அத்தை, தப்பு என்னோடது. மன்னிச்சுக்குங்க."

வார்டு முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார். பதின்மூன்றும் பதினான்கும் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள். அத்தை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். "தரை காய்றதுக்குள்ள முடிக்கணும்" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். கோபமா, கூச்சமா, எனக்குப் பிடிபடவில்லை. சிஸ்டருக்கும் பிடிபடவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பெரிய டாக்டர் கடிதத்தைப் படிக்கவில்லை. அதைப் பையில் வைத்துக்கொண்டு, "நடந்ததை எழுதிக் குடுங்க சிஸ்டர், நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்" என்றார். அன்று முதல் அவர் மேல் எனக்கு மரியாதை.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுதலை. ஊன்றுகோல் இரண்டையும் அக்குளில் செருகிக்கொண்டு, மனைவி பை தூக்கி வர, வாசலில் நின்றேன். அன்று காலையும் அத்தை "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லியிருந்தார். கிளம்புகிற நேரத்தில் மனசு கனத்துப்போய் இருந்தது, வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தையும் மீறி.

உள்ளே சிஸ்டரும் பெரிய டாக்டரும் ஏதோ எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நடுவழியில் விறுவிறுவென்று நடந்து வந்தார்கள். குளியலறைப் பக்கத்திலிருந்து அத்தையின் சத்தம் வந்தது. அவ்வளவு பெரிய குரல் அவருக்கு இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

"அப்பிடியே நில்லுங்க ரெண்டு பேரும்! சோப்புத் தண்ணி!"

சிஸ்டர் நின்றார். ஒரு கையால் பெரிய டாக்டரின் கோட்டைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து அவரையும் நிறுத்தினார். அத்தை அவசரப்படவில்லை. வாளியைக் கொண்டு வந்து வைத்து, துணியைப் பிழிந்து, மூலையிலிருந்து நிதானமாகத் துடைத்துக்கொண்டு வந்தார். சிஸ்டர் எடுத்து வைக்கத் தூக்கிய வலது காலை, அத்தை துடைத்து முடிக்கும் வரைக்கும் கீழே வைக்கவே இல்லை.